வளைவுக்கு முன் இறுகும் தோள்

ராய்ஸ் இறந்த பிறகு, அவனுடைய நெடும்பயண மோட்டார் சைக்கிளை விற்குமுன் ஒருமுறை அதன் பின்னிருக்கையில் மலைப்பாதையைக் கடக்க வேண்டுமென்று மனைவி வெர்னா விரும்பினாள். அவன் தம்பி கிளேட்டன் ஓட்டச் சம்மதித்தான்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து நேர்ச்சாலைகளிலேயே ஓடி நடுப்பகுதி தட்டையாகிப்போன அந்த வண்டியின் டயர்கள் வளைவுகளில் சாய மறுக்கும். ராய்ஸ் தோள் இறுகக் கைப்பிடியை அழுத்தித்தான் அதைச் சாய்ப்பான். வளைவு வருவதை அவன் முதுகில் கண்மூடிச் சாய்ந்திருக்கும் வெர்னா அந்த இறுக்கத்தால்தான் அறிவாள்.

இன்றோ, முதல் வளைவிலேயே வண்டி தானாக இலகுவாகச் சாய்ந்து திரும்பியது.

"என்ன பண்ணின, கிளேட்டன்?"

"புது டயர் போட்டேன். உன்னை வச்சுக்கிட்டு அந்த மொட்டை டயர்ல மலை ஏறுவேனா? அண்ணன் மாதிரி மல்லுக்கட்ட வேண்டாம், விரல் பட்டாலே திரும்புது பாரு."

"பழசு எங்க?"

"கடைக்காரன் இந்நேரம் அரைச்சிருப்பான். ஏன், மரத்துல கட்டி ஊஞ்சலாடவா?"

அடுத்த வளைவையும் வண்டி எந்தத் தயக்கமுமின்றிக் கடந்தது; கிளேட்டனின் தோள் இறுகவே இல்லை. வெர்னா அவன் தோளிலிருந்து கையை எடுத்துப் பக்கவாட்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"வண்டியைத் திருப்பு, கிளேட்டன். வீட்டுக்குப் போகலாம்."