முந்திப் பூத்த மரங்கள்

பூங்காத் தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றிப் பெஞ்சின் மீது தட்டினார். மஞ்சள் தூள் பறந்தது. கை அப்படியே நின்றது.

அவர் மனைவி வீட்டில் தையல் தைப்பவள். மகரந்தம் அவளுக்கு ஆகாது. ஆகவே ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, வாசலிலேயே சட்டையைக் கழற்றித் தலை கழுவிய பின்னரே அவர் உள்ளே நுழைவார். நாட்காட்டியில் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்ட விதி அது. இவ்வாண்டோ குளிர் பெயருக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மரங்கள் பிப்ரவரியிலேயே பூத்துவிட்டன. பூங்காப் பதிவேட்டில் தம் கையாலேயே அதைக் குறித்தவர், வீட்டில் மட்டும் ஏப்ரலுக்காகக் காத்திருந்தார்.

மூன்று வாரங்களாக அவளுக்கு மூச்சிரைப்பு. துணித்தூசியே காரணம் என்று அவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். “முப்பது வருஷம் துணியோட குடும்பம் நடத்தியாச்சு. இப்பத்தான் அது என் கழுத்தப் பிடிக்குதாக்கும்?” என்றாள் அவள். “உசிரு இருந்தா உப்பு வித்தாவது பொழைக்கலாம்மா” என்று அவர்தான் வாயை அடைத்தார். இன்று மாலை ஐந்து மணிக்குத் தையல் இயந்திரத்தை விலைக்கு எடுத்துப்போக ஆள் வருகிறார்.

மணி நாலேமுக்கால். அவர் ஓடினார்.

இயந்திரம் ஏற்கெனவே மாடிப்படியின் பாதியில் நின்றது. வாங்க வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“ஐயா, மன்னிச்சுக்குங்க, அது விக்கறதுக்கில்ல” என்றபடியே தோட்டக்காரர் பொத்தான்களைக் கழற்றினார்.

“அதுக்கு ஏன் சார் சட்டையக் கழட்டுறீங்க? சண்டைக்கா?”

மேலே வாசலில் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“வராத! கதவச் சாத்து!”

“கட்டின நாள்லேர்ந்து இன்னிக்குத்தான்... என்னை உள்ள வச்சு... கதவச் சாத்தச் சொல்றீங்க” என்றாள், இரண்டு இடங்களில் மூச்சுக்கு நின்று. ஆயினும் சாத்தினாள்.

சாத்திய கதவிடம் அவர் சொன்னார்: “துணி இல்லம்மா. நான்தான். தெனமும் நான்தான் சொமந்துட்டு வந்தேன்.”

உள்ளே இழுத்திழுத்து விடும் மூச்சு மட்டும் கேட்டது.

“மருந்த மாத்தியும் கேக்கலியேன்னு பாத்தேன்” என்றது குரல். “மக்கு.”

நடையிலிருந்த குழாயில் அவர் தலையைக் கழுவினார். கதவு ஒரு சாண் திறந்தது. துண்டோடு ஒரு கை நீண்டது. துண்டை அவர் வாங்கிக்கொண்டார். கை உள்ளே போகவில்லை. விரல்களை விரித்தபடி அவர் கைக்காகக் காத்திருந்தது.