சந்தையில் இரண்டரை மணி நேரம்

ஊரில் பாதிப் பேருக்கு அவர் சர்வேயர். மீதிப் பேருக்கு மாத்திரையம்மாவின் வீட்டுக்காரர். முப்பத்திரண்டு வருடம் அவர் வெயிலில் நிலம் அளந்தார். அந்த அம்மா அரசு மருத்துவமனையின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரை கொடுத்தார். ஜன்னல் என்றால் முகம் பார்க்கிற ஜன்னல் இல்லை. நெஞ்சு உயரத்தில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஒரு சதுரம், அவ்வளவுதான். நீண்டு வரும் கையைப் பார்த்தே, போன மாதத்துக்கு வீக்கம் குறைந்திருக்கிறதே என்று சொல்லிவிடுவார் மாத்திரையம்மா.

இருவரும் ஓய்வு பெற்றதும், மகன் வெளிநாட்டுச் சுற்றுலா ஒன்றுக்குப் பதிவு செய்து தருவதாகச் சொன்னான். ஆறு நாள், நான்கு நகரம், எல்லாம் விமானத்தில். சர்வேயர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். மேலே பறந்தால் நிலத்தைப் பார்த்த மாதிரி ஆகுமா, போனால் தரைவழியாகத்தான் போவேன் என்று நின்றார். நான்கு மாதம் சாப்பாட்டு மேசையில் வரைபடங்களை விரித்துப் போட்டார். எல்லை வரை ரயில், அங்கிருந்து பேருந்து, நடுவில் ஓர் ஆற்றில் படகு, வழியெல்லாம் கோயில்கள், பிறகு காட்டுக்குள் மூன்று நாள் நடை, அதன் முடிவில் மரங்கள் விழுங்கிய ஒரு பழைய கோயில். திரும்பும் வழியில் வடக்கே இன்னும் ஐந்து கோயில்கள். மொத்தம் நாற்பது நாள். மனைவியிடம் திட்டத்தைக் காட்டியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: போகிற இடத்தில் எல்லாம் கழிப்பறை இருக்குமா? இருக்கும் என்றார் சர்வேயர். பல இடங்களில் இல்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது.

முதல் இரண்டு வாரம் கோயில்கள். சர்வேயருக்கு ஒரு கோயிலைப் பார்ப்பது என்றால் அளப்பது. வெளிச்சுற்றை ஒரு தடவை நடந்தே எத்தனை அடி என்று சொல்லிவிடுவார். பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்துச் சரிபார்ப்பார். ஓரடி இரண்டடிக்கு மேல் தப்பாது. டேப்பின் மறுமுனையை மாத்திரையம்மா பிடித்துக்கொள்வார். தூண் எவ்வளவு உயரம் என்று பிற்பாடு படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக, மனைவியைத் தூணருகே நிற்க வைத்து எட்டப் போய்ப் படம் எடுப்பார். "கொஞ்சம் ஒட்டி நில்லு" என்பார். அந்த அம்மாவும் ஒட்டி நிற்பார். மற்ற நேரங்களில் படிக்கட்டில் உட்கார்ந்து, வந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அலுப்பாக இருக்கிறதா என்று சர்வேயர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதே உண்மை.

பதினாறாவது நாள் அந்தச் சந்தைக்கு வந்தார்கள். ஆற்றங்கரையில் தகரக் கூரைக்குக் கீழே முந்நூறு நானூறு கடைகள். துணி, இரும்புச் சாமான், பிளாஸ்டிக் வாளி, காய்கறி, கயிறு, கைக்கடிகாரம், எல்லாம் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு கிடந்தன. காட்டு நடைக்கு வேண்டிய கயிறும் விளக்கும் பார்த்துக்கொண்டிருந்த சர்வேயர், ஒரு விளக்கை எரியவிட்டுக் காட்டத் திரும்பினார். மனைவி இல்லை.

முதல் பத்து நிமிடம் எரிச்சல். அடுத்த பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே நின்றார். அதன்பிறகு நடக்க ஆரம்பித்தார். அந்த அம்மாவின் கைபேசி சர்வேயரின் தோளில் தொங்கிய பையிலேயே இருந்தது; பாதுகாப்புக்காக என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டவர் அவர்தான். ஒவ்வொரு வரிசையாகப் பிரித்துக்கொண்டு தேடினார். இடப்பக்கம் பதினொரு சந்து, வலப்பக்கம் ஒன்பது. ஒரு மணி நேரத்தில் அந்தச் சந்தையின் புலப்படத்தையே அவரால் வரைந்து கொடுத்திருக்க முடியும். ஆள் மட்டும் கிடைக்கவில்லை.

சந்தையின் மூலையில் ஒலிபெருக்கி வைத்த ஓர் அறை இருந்தது. உள்ளே ஒரு பெண் எழுத்தர். பாஷை தெரியாவிட்டாலும், வியர்த்துப் போய் நிற்கிற ஒருவர் எதற்கு வந்திருப்பார் என்பது அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. மனைவி என்று புரியவைக்கக் கழுத்தில் தாலி போலக் காட்டுவதா, தலைமுடியைக் காட்டுவதா என்று தெரியாமல் சர்வேயர் கையை ஆட்டினார். எழுத்தர் தன் உடையைத் தொட்டு, பிறகு மேசைமேல் கிடந்த வண்ண ரசீதுகளை விரித்துக் காட்டினாள். என்ன நிற உடை?

சர்வேயர் பச்சையைத் தொட்டார். பிறகு நீலத்தைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

அன்று காலை அறையில் மனைவி தலை சீவிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பேருந்தில் ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். என்ன நிறம் என்று தெரியவில்லை. படமாவது காட்டு என்று எழுத்தர் சைகை செய்தாள். அவசரமாகத் தன் கைபேசியைத் திறந்தார். நானூறு படங்களுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றிலும் தூண், வாசல், கோபுரம், மதில். ஓரத்தில் விரல் அளவுக்கு மாத்திரையம்மா. ஒன்றில் முதுகு, ஒன்றில் வெயிலுக்குக் கண்ணை மறைத்த கை. பெரிதாக்கிப் பார்த்தால் முகம் கலங்கிப் புள்ளி புள்ளியாகப் போனது. எழுத்தர் பத்துப் பதினைந்து படங்களைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு கைபேசியை அவரிடமே மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள். அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். அந்த பாஷையில் சொல்லி என்ன பயன்?

இரண்டரை மணி நேரம் கழித்து, விளக்குக் கடையருகே மாத்திரையம்மா தானாகவே வந்து நின்றார். கையில் ஒரு சின்னப் பொட்டலம். மஞ்சள் சுடிதார். உங்கள் குதிகாலில் கொப்புளம் வந்திருந்ததே, அதற்குப் பிளாஸ்திரி வாங்க ஒரு மருந்துக்கடைக்குப் போனேன், கூட்டமாக இருந்தது, கடைக்காரம்மா தனியாகத் தவித்துக்கொண்டிருந்தாள், கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன், நேரம் போனதே தெரியவில்லை என்றார். சர்வேயர் அறைக்கு வந்து பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் தேவைக்கு மட்டுமே பேச்சு நடந்தது. காட்டுக்குள் கூட்டிப்போக வந்த வழிகாட்டி ஐம்பது வயதுக்காரர். சர்வேயரின் பாஷையில் பத்து வார்த்தை தெரியும், அதில் மூன்று 'மெதுவா', 'வழுக்கும்', 'அட்டை'. முன்னால் வழிகாட்டி, நடுவில் மாத்திரையம்மா, கடைசியில் சர்வேயர் என்று நடந்தார்கள். மரங்களுக்கு நடுவே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தன் அடிக்கணக்கு அங்கே பலிக்கவில்லை என்பதைச் சர்வேயர் முதல் நாளே புரிந்துகொண்டார். வேருக்கு மேல் ஏறி, பள்ளத்தில் இறங்கி, ஓடைக் கல்லில் தாவி நடக்கும்போது எதை ஓரடி என்று கணக்கு வைப்பது?

இரண்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வனக்காவலர்கள் போட்டு வைத்த ஓலைக் கொட்டகை ஒன்றில் ஒதுங்கினார்கள். வழிகாட்டி ஒரு மூலையில் சுருண்டு தூங்கிவிட்டார். கணவனும் மனைவியும் காலில் ஒட்டிய அட்டைகளை உப்பு போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சர்வேயர் சொன்னார், கீழே பார்த்தபடியே.

"அன்னைக்கு நீ என்ன கலர் போட்டிருந்தேன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல."

மாத்திரையம்மா இன்னொரு அட்டையை எடுத்துப் போட்டார். மழை ஓலையில் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லு."

"நீங்க ரெண்டு தடவை அந்தக் கடையைத் தாண்டிப் போனீங்க. நான் பார்த்தேன்."

சர்வேயர் நிமிர்ந்தார்.

"பார்த்தியா? அப்புறம் ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா வரணுமே."

அவர் மனைவி அதைச் சண்டைக்குச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். பிறகு தானாகவே மற்றதையும் சொன்னார். கடைக்காரம்மாவுக்கும் எனக்கும் ஒரு பொது வார்த்தைகூடக் கிடையாது, ஆனால் மாத்திரைப் பெயர் எல்லாம் ஒன்றுதான். பாராசிட்டமால் அங்கேயும் பாராசிட்டமால்தான். கடைக்காரம்மா பெயரைச் சொல்லச் சொல்ல, நான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று கைக்குப் பழகிவிட்டது. முதல் தடவை நீங்கள் போனபோது, இந்தக் கூட்டம் முடியட்டும் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை கூட்டம் இல்லை. அலமாரிக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன்.

"உங்க முகத்தைப் பார்த்தேன். பயந்து போயிருந்தீங்க. பாவமாத்தான் இருந்துச்சு. இருந்தும் நகர்ந்துட்டேன்."

சர்வேயருக்கு எங்கே அடிபட்டது என்று உடனே சொல்லத் தெரியவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. வேலையை விட்டபின் தினமும் காலையில் வரைபடம், மதியம் வரைபடம் என்று தனக்கு ஒரு பிடி இருந்தது. அந்த நான்கு மாதமும் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? யோசித்துப் பார்த்தார். டீ கொண்டு வந்து வைத்தது மட்டும் ஞாபகம் வந்தது.

மழை விட்டதும் நடந்தார்கள். மறுநாள் அந்தக் கோயிலை அடைந்தார்கள். பாதிச் சுவர் மண்ணுக்குள், மீதியை வேர்கள் பிடித்திருந்தன. சர்வேயர் டேப்பை எடுத்து அளக்கத்தான் செய்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அளக்காமல் போக அவரால் முடியாது. மாத்திரையம்மா மறுமுனையைப் பிடித்தார். அளந்து முடித்து டேப்பைச் சுற்றும்போது அந்த அம்மாதான் கேட்டார்.

"வடக்க இருக்கற அஞ்சு கோயிலுக்கும் நீங்க போயிட்டு வாங்களேன். நான் அந்தக் கடையில இருக்கேன். பத்து நாள்."

"பத்து நாளா?"

"ஏன், உங்களால முடியாதா?"

முடியாது என்றுதான் வாய் வரை வந்தது. காலையில் எந்த மாத்திரை, மாலையில் எந்த மாத்திரை என்றுகூட அவருக்குத் தெரியாது. உள்ளங்கையில் விழுவதை விழுங்கித்தான் பழக்கம். "அந்தம்மா சம்மதிக்கணுமே" என்று இழுத்தார். சந்தையில் விடைபெற்றபோதே தன்னைத் திரும்பி வரச்சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள் என்றார் மாத்திரையம்மா. ஆக, அன்றிலிருந்தே இந்த யோசனை ஓடியிருக்கிறது.

காட்டிலிருந்து இறங்கியதும் மனைவியைச் சந்தையில் விட்டுவிட்டுச் சர்வேயர் மட்டும் வடக்கே பேருந்து ஏறினார். விஷயம் தெரிந்து மகன் தொலைபேசியில் குதித்தான். அந்நிய தேசத்தில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு அப்பா கோயில் சுற்றுகிறாரா, இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்றான். "அம்மா வேலைக்குப் போயிருக்கா" என்றார் சர்வேயர். சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவருக்கே பிடித்திருந்தது.

அந்தப் பத்து நாள் அவருக்குச் சுலபமாக இல்லை. ஒருமுறை தப்பான பேருந்தில் ஏறி அரைநாள் வீணாயிற்று. ஒருமுறை மாலை மாத்திரையைக் காலையில் விழுங்கியதில் நாள் முழுக்கத் தலை கிறுகிறுத்தது. முதல் கோயிலில் டேப்பைப் பிரித்த பிறகுதான் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை என்பது உறைத்தது. ஒரு கல்லை வைத்து அழுத்திப் பார்த்தார், நழுவியது. கடைசியில் சுற்று வந்துகொண்டிருந்த யாரோ ஒரு பெரியவரிடம் முனையை நீட்டினார். அவரும் என்ன ஏது என்று கேட்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். நான்கு பக்கமும் அளந்து முடிந்ததும் இருவரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாஷையில் சற்று நேரம் பேசிக்கொண்டார்கள்.

தினமும் கடை அடைத்ததும் மாத்திரையம்மா கூப்பிடுவார். இப்போது கைபேசி அந்த அம்மாவிடமே இருந்தது. கை நடுக்கத்தோடு வந்து போகும் தச்சர், சீட்டில் இல்லாததையும் கேட்கும் மீன்காரி, தேதி முடிந்த டப்பாக்களைத் தனியே பிரித்து வைத்தது, கடைக்காரம்மாவின் சளிபிடித்த மகள் என்று நிறுத்தாமல் பேசினார். சர்வேயர் கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். முப்பத்திரண்டு வருடம் இதையெல்லாம் யாரிடம் சொன்னாள் என்ற கேள்வி மூன்றாம் நாள்தான் அவருக்கு எழுந்தது. மாலையில் வீட்டுக்கு வருகிறவளிடம், சாப்பாடு ஆச்சா என்பதற்கு மேல் தான் எதுவும் கேட்டதில்லை. ஐந்தாம் நாள் அவரே, "அந்தத் தச்சர் இன்னைக்கு வந்தாரா?" என்று கேட்டார். மறுமுனையில் வந்தார் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் ஓடியது.

பதினோராம் நாள் காலை எல்லை ரயில் நிலையத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. சர்வேயர் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் வாசலில் நின்றார். பேருந்திலிருந்து மாத்திரையம்மா இறங்கினார். பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு கடைக்காரம்மாவும் இறங்கினாள். நாலரை மணி நேரம் பேருந்தில் வழியனுப்ப வந்திருக்கிறாள். சர்வேயரைப் பார்த்ததும் அவள் தன் பாஷையில் மளமளவென்று பேசினாள். விரலை ஆட்டினாள், நெஞ்சில் கை வைத்தாள். சர்வேயர் புரியாமல் மனைவியைப் பார்த்தார்.

"என்ன சொல்றாங்க?"

"வருஷா வருஷம் என்னை அனுப்பி வைக்கணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"அனுப்பறதுக்கு நான் என்ன பார்சலா, நானே வரேன்னு சொல்லியிருக்கேன். பாஷை தெரியாம எப்படிச் சொன்னேன்னு கேட்காதீங்க."

கடைக்காரம்மா அழுதாள். மாத்திரையம்மா அழவில்லை, அவள் தோளைத் தட்டிக் கொடுத்து, கையைப் பிடித்து மணிக்கட்டில் நாடி பார்ப்பது போலச் சற்று நேரம் வைத்துக்கொண்டார். ரயில் வந்து நின்றது. ஜன்னலோரம் யாருக்கு என்ற பேச்சே எழவில்லை. சர்வேயர் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தார். வெளியே வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் மனைவி அசதியில் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை.

"அடுத்த வருஷம் நானும் வரட்டுமா?" என்று கேட்டார் சர்வேயர்.

மாத்திரையம்மா கண்ணைத் திறக்காமலே யோசித்தார். அந்த யோசனை சர்வேயருக்கு நீளமாகத்தான் தெரிந்தது. ஒரு சின்ன ஸ்டேஷன்கூட நடுவில் கடந்து போயிற்று.

"முதல் வாரம் வேணாம்" என்றார் மாத்திரையம்மா. "அப்புறம் வாங்க."

சரி என்றார் சர்வேயர்.