காற்று போக வழி

குழாய் வேலை செய்கிறவளைக் கோட்டை பார்க்க அழைத்துப் போனால் அவள் கோட்டையைப் பார்க்க மாட்டாள், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்ப்பாள். பஸ்ஸை விட்டு இறங்கிய பத்தாவது நிமிடமே நாத்தனாருக்கு இது புரிந்துவிட்டது. அந்தச் சிற்றூரின் மணிக்கூண்டைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், அண்ணி சாக்கடை மூடியருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்குப் பின்னால், குன்றின் மேல் கோட்டை. மோட்டாரே இல்லாமல், கல்லில் செதுக்கிய வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் முற்றம் என்றது வாசல் பலகை. கல்வாயோ காய்ந்து கிடந்தது. ஒரு மாதமாக இப்படித்தான் என்றார் காவலாளி. ஊற்று வற்றிவிட்டதாக மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்றாம். திங்கட்கிழமை வந்து வாசலைப் பூட்டப் போகிறார்களாம், அதோடு தன் வேலையும் போச்சு என்று முனகினார்.

அண்ணி நேராக மேலே ஏறினாள், மற்ற இருவரும் பின்னால் போனார்கள். ஊற்றுத் தொட்டி தளும்ப நிறைந்திருந்தது. அங்கிருந்து புறப்பட்ட மண்குழாய் சரிவில் இறங்கி, ஒரு மதிலைத் தாண்ட மேலேறி, மறுபடி இறங்கி முற்றத்துக்குப் போனது. மதிலின் மேல், குழாய் வளைகிற இடத்தில் ஓர் உயரமான தூண். தட்டிப் பார்த்தாள். உள்ளே வெற்றிடம் என்று ஓசை சொன்னது.

"அண்ணி, தூணுக்கு ஜுரமா? நாடி பாத்தது போதும், இப்படி திரும்பி நில்லு," என்றாள் நாத்தனார்.

அண்ணி திரும்பவில்லை. ஓடும் தண்ணீரோடு கொஞ்சம் காற்றும் வரும், அது மேடான இடத்தில் போய்த் தங்கும் என்று விளக்க ஆரம்பித்தாள். போக வழியில்லாவிட்டால் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் குழாயையே அடைத்துவிடும். அதற்குத்தான் இந்தத் தூண். இதன் உச்சி தொட்டித் தண்ணீரைவிட ஒரு சாண் உயரம், அதனால் காற்று வெளியேறும், தண்ணீர் வழியாது. கட்டியவன் லேசுப்பட்டவன் இல்லை.

"அப்ப உச்சியில ஓட்டை இருக்கணுமே, அண்ணே?" என்று காவலாளியிடம் கேட்டாள்.

காவலாளி தரையைப் பார்த்தார். "இருந்துச்சும்மா. குளவி கூடு கட்டி ஒரு ஆளைக் கொட்டிடுச்சு. ரெண்டு மாசம் முன்னாடி நான்தான் சிமெண்ட் வச்சு அடைச்சேன்."

"அடைச்ச அன்னைக்கே நிக்கலையே, ஒரு மாசம் நல்லாத்தானே கொட்டுச்சு?" என்றும் கேட்டார். காற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தானே சேரும் என்றாள் அவள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மதிலோரம் கிடந்த ஏணிப் பக்கம் கை போகவில்லை. "வத்திப்போச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். இப்ப நானே மூடினேன்னு சொன்னா என்னை வச்சிருப்பாங்களா?"

"சொல்லாட்டி பூட்டிடுவாங்க. அப்ப காவல் காக்க என்ன இருக்கு?"

அவர் ஏணியைத் தூணில் சாய்த்து உளியோடு ஏறினார். கடைசித் துண்டு பெயர்ந்ததும் தூண் நீளமாகச் சீட்டியடித்தது. கீழே கல்வாய் இருமியது, செம்மண் துப்பியது, பிறகு கையளவு கனத்தில் கொட்டத் தொடங்கியது. நாத்தனார் படம் எடுக்கவே மறந்துபோனாள்.

"குளவி திரும்ப வந்தா?" என்றார் காவலாளி, ஏணியில் நின்றபடியே.

"கம்பிவலை கட்டுங்க. காத்து போகும், குளவி போகாது."

அவர் இறங்கி வந்து, சிமெண்ட் தூசி படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மேலிடத்துக்குப் புதுக் கடிதம் எழுத உட்கார்ந்தார். முதல் வரி: தூணை அடைத்தது நான்தான்.