நாளைக்கு லீவா

இடுப்பு நிமிரவில்லை. கரும்புத் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்த எழில்மதிக்குக் காலை நீட்டுவதே பெரும்பாடாக இருந்தது. மூக்கைச் சிந்தினால் கரி வந்தது. அப்போதும் கை போனைத்தான் தேடியது.

அவள் ஒரு ப்ளாக் வைத்திருந்தாள். மழைக்காலத்தில் ‘நாளை பள்ளிக்கு லீவா?’ என்று எங்கேயோ வந்ததை எடுத்துப் போட்டால் ஜனம் மொய்க்கும். ராசிபலன் போட்டாலும் அப்படித்தான். அவளாக யோசித்து எழுதியதை ஈ காக்கா கூட எட்டிப் பார்க்காது. ஆனாலும் தன் பேச்சை நாலு பேர் படிக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

போன வாரம் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதினாள். அன்றைக்கு அவள் பங்கையும் பக்கத்து வீட்டுக் கண்ணகிதான் வெட்டினாள். கரும்பு வெட்டும் அந்தக் கூட்டத்தில் இப்படி மாற்றி வெட்டுவதற்குக் காசு கிடையாது. வெட்டிக் கொடுத்தவளுக்குத் திருப்பி வெட்டிக் கொடுக்க வேண்டும், அதே மேஸ்திரியிடம்.

எழுதியது இதுதான்: தோட்டத்தைக் கொளுத்திவிட்டு வெட்டினால் ஆளுக்குச் சுலபம் என்கிறார்கள். சுலபம் மேஸ்திரிக்கு, சீக்கிரம் முடித்து அடுத்த தோட்டம் பிடிப்பார். வெந்த கரும்பு எடை குறையும். எங்கள் கூலி எடைக்குத்தான். கரி மட்டும் எங்கள் நெஞ்சில் நிற்கும்.

மேஸ்திரி கொளஞ்சியப்பன் எதிரில் வந்து நின்றார்.

“இன்னா எழிலு, லீவு சொல்ற ப்ளாக்கு உன்துதானாமே?”

“ஆமாங்க மேஸ்திரி.”

“பையனுக்கு லீவான்னு பாக்கப் போனேன். பாத்தா கீழ நம்ம கதை ஓடிக்கினு இருக்குது. ஒரு வரி வுடாம படிச்சேன். நல்லாத்தான் எழுதற.”

கடைசி வரி வரை படித்த ஒரே ஆள். வெட்கக்கேடு, ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“நாளையிலருந்து வூட்லயே குந்தி எழுது. இங்க வராத.”

“அத எடுத்துடறேங்க.”

“எடுத்துட்டா நான் படிச்சது இல்லன்னு ஆயிடுமா?”

அவர் போனதும் கண்ணகி கிட்டே வந்தாள்.

“வெள்ளிக்கிழம எம்பொண்ண பாக்க சின்னசேலத்துலருந்து வராங்க. நீ எனக்கு வெட்டுவன்னுதான் வரச் சொன்னேன்.”

“வேற யாரயாவது கேளுக்கா.”

“எல்லாம் ஏற்கெனவே மாத்தி மாத்தி வெட்டிக்கினு கீறாளுங்க. எவ வருவா? ஊருக்கெல்லாம் லீவு சொல்ற. எனக்கு ஏதுடி லீவு?”

எழில்மதி போனைப் பார்த்தாள். அவள் எழுதியதற்கு அடியில் முதல் தடவையாக யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: ‘அட்மின், நாளைக்கு லீவா இல்லையா?’

கண்ணகி கத்தியை எடுத்துக்கொண்டு கரும்புக்குள் இறங்கினாள். எழில்மதி அவளுக்கு ஒரு நாள் வெட்டு பாக்கி.