ஒரு மூலம் 3 எனில்

எதிர்வீட்டு எழிலரசியிடம் சகாயமேரி முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். "ரொம்ப ஈசியா ஒண்ணு கொண்டா கண்ணு. சார் டக்குனு போட்டுடணும்."

நெமிலிச்சேரியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தே தலை நரைத்த அவள் கணவர் எட்மண்ட், பக்கவாதத்திலிருந்து எழுந்ததும், திங்கட்கிழமை பள்ளிக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நிற்க இருப்பதும் அந்த ஒரு கால்தான். கரும்பலகை முன்னால் திருதிருவென்று விழித்தால் பிள்ளைகள் சும்மா விடுமா? வீட்டிலேயே ஒரு கணக்கு போட்டுக் காட்டிவிட்டால் நிம்மதியாக அனுப்பிவிடலாம் என்று சகாயமேரி நினைத்தாள்.

எழிலரசி நோட்டை நீட்டினாள். x² − 8x + 15 = 0. ஒரு மூலம் 3 எனில் மற்றொரு மூலத்தைக் காண்க.

"இது வரவே மாட்டேங்குது சார்."

எட்மண்டுக்கு முகம் மலர்ந்தது. "இதுவா? ரெண்டையும் கூட்டுனா... எட்டு." நாக்கு குழறினாலும் வழி சரியாகத்தான் வந்தது. இடது கையால் கோணல்மாணலாக எட்டு எழுதி, பக்கத்தில் கழித்தல் குறியும் மூன்றும் சேர்த்து, சமக்குறி போட்டார். சகாயமேரி அப்பாடா என்று மூச்சு விட்டாள். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே விடைத்தாள் திருத்திய மனிதர். சமக்குறிக்குப் பக்கத்தில் பேனாவை வைத்து வைத்து எடுத்தார். வெறும் புள்ளிகளாக விழுந்தன.

"மெதுவா போடுங்க சார்" என்றாள் எழிலரசி.

அந்தக் கனிவே காட்டிக்கொடுத்துவிட்டது. "உனக்குத் தெரியும்ல?" என்றார்.

"மெய்யாலுமே தெரியாது சார்." சொல்லிவிட்டு அவள் சகாயமேரியைப் பார்த்தாள். இந்த வேண்டாத வேலையை ஏன் செய்தோம் என்று சகாயமேரிக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"மேரி, கை குடு."

இடது கை விரல்களை விரித்தார். வலது கை மடியில் சுருண்டு கிடந்தது. அவள் கையை இழுத்து, தன் விரல்களோடு சேர்த்து எட்டு வரும்வரை எண்ணி, அவள் விரல்களில் மூன்றை நிமிர்த்தினார். பிறகு அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக மடக்கினார். ஒரு தப்பும் இல்லை. மிச்சம் இருந்தது அவருடைய இடது கை மட்டும்தான்.

கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக முழங்காலில் ஊன்றி எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு..."

சுண்டுவிரலோடு நிற்கவில்லை. மறுபடி கட்டைவிரலை ஊன்றினார். "ஆறு... ஏழு..."

எழிலரசி தலையைக் குனிந்துகொண்டாள். சகாயமேரி மடக்கிய விரல்களைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.