மூன்று மூலை மஞ்சள்

1

இந்தக் கதை என் வலது கை மோதிர விரலில் பிறந்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு ரயிலில் பிறக்கிறது, கனவில் பிறக்கிறது. எனக்கு மட்டும் விரல் நுனியில், அதுவும் மஞ்சளோடு.

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாசகரே. என் கணவர் செல்வமணி நான்கு வருடம் தேடி வாங்கிய ஒரு கடிதம், போன வெள்ளிக்கிழமை டெக்சாஸில், பிளானோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1803-இல் ஓர் அமெரிக்க ஓவியர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டது. அதன் மூலைகளில் நான் மஞ்சள் தடவிவிட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது. ஆபீஸ் வேலையாக நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊருக்குப் போயிருக்கிறார், நாளைக்குத் திரும்புகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

(ஓவியரின் பெயரைச் சொல்லமாட்டேன். இதையெல்லாம் சேர்ப்பவர்கள் உலகத்திலேயே நாற்பது பேர்தான் இருப்பார்கள் போலிருக்கிறது. நாற்பது பேரும் ஒருவரையொருவர் வேவு பார்க்கிறவர்கள்.)

2

முதல் தொடக்கம்: 'டெக்சாஸ் வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், ராமாத்தாள் கையில் மஞ்சள் கிண்ணத்தோடு...'

வேண்டாம். ராமாத்தாள் என் மாமியார். பழியை மாமியார் மேல் போட்டால் வாசகர்கள் மறுபேச்சில்லாமல் நம்புவார்கள் என்று ஒரு நப்பாசை. ஆனால் அவர் அமெரிக்காவுக்கு வந்ததே இல்லை. இரண்டு முறை விசா மறுத்துவிட்டார்கள். திருப்பூரில் நிம்மதியாக சீரியல் பார்த்துக்கொண்டிருப்பவரை இதற்காகவா விமானம் ஏற்றுவது?

இரண்டாவது தொடக்கம்: 'மஞ்சள் என்பது வெறும் நிறமல்ல, அது...'

(இதை எழுதிய விரலுக்குத் தனியாகத் தண்டனை கொடுக்கவேண்டும்.)

3

டேட்டாபேஸ் வேலை பார்க்கும் மனிதர் பழைய ஓவியர்களின் கடிதங்களை ஏன் சேர்க்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சிட்டிசன்ஷிப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாளில், எதிலோ ஒரு பழைய உருவப்படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். முகம் அச்சாக இருந்தது. கைகள் மட்டும் கத்தரிக்காய் மாதிரி இருந்தன.

"இவருக்குக் கை வரையவே வரல வள்ளி. ஆனாலும் ஊர் ஊராப் போயி போர்டு மாட்டி உக்காந்துட்டாரு. நம்ம கன்சல்டன்சி ரெஸ்யூமே மாதிரியே! வேலைக்குச் சேந்த அப்புறம்தான் வேலையக் கத்துக்கிட்டிருக்காரு."

அன்றைக்கே அந்த மாதிரி ஓவியர்கள் மேல் அவருக்கு ஒரு பாசம் ஒட்டிக்கொண்டது. ஓவியம் நமக்கு எட்டாது, மியூசியத்தில் இருக்கும். கடிதம் எட்டும். வந்த கடிதத்தை ஒவ்வொன்றாகத் தனி உறையில் போட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் வைப்பார். தொடுவதற்கு முன் கையைக் கழுவி, துடைத்து, விசிறிக் காயவைப்பார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு அக்கறையாக அவர் கை கழுவவில்லை.

4

வெள்ளிக்கிழமை போனில்:

"பார்சல் வந்துச்சா? பிரிச்சு, எங்கியாவது மடங்கியிருக்கான்னு செக் பண்ணி ஒரு போட்டோ அனுப்பு. கை கழுவிட்டு."

"கழுவிட்டேங்க."

போட்டோ போனது. பிறகு, "வந்துருச்சு வள்ளி" என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

சந்தோஷமான காகிதம் வீட்டுக்கு வந்தால் நான் என்ன செய்வேன்? வீட்டுப் பத்திரத்துக்குச் செய்ததைத்தான். கிரீன் கார்டு கடிதத்துக்கும், மகள் அதிதியின் காலேஜ் அட்மிஷன் லெட்டருக்கும் செய்ததைத்தான். மஞ்சளைக் குழைத்து, நான்கு மூலையிலும் தொட்டு, சாமி அலமாரியில் வைப்பேன். கை அதுபாட்டுக்குப் போனது. மேலே இரண்டு மூலை, கீழே இடது மூலை. நான்காவது மூலையில் கையெழுத்து இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் விரல் நின்றது.

கடிதத்தில் இருந்ததே மூன்று வரி. படம் வரையச் சொன்ன யாருக்கோ எழுதியது: 'முகம் முடிந்துவிட்டது. கைகள் மட்டும் பாக்கி. இன்னொரு முறை வந்து உட்காரவும்.'

5

முடிவு அ: மஞ்சள் போய்விடுகிறது. (போகாது. பழைய காகிதம் செப்பனிடும் ஒரு பெண்மணியிடம் கேட்டேன். துடைக்காதே, கழுவாதே என்றார். மஞ்சளை எடுக்கப்போனால் மையும் சேர்ந்து போய்விடுமாம்.)

முடிவு ஆ: 'வரும்போதே அப்படித்தான் இருந்தது' என்று நான் சாதிக்கிறேன். (போட்டோ அவரிடம் இருக்கிறது. அனுப்பிய புத்திசாலி நான்தான்.)

முடிவு இ: ஆஸ்டினில் படிக்கும் அதிதியைக் கூப்பிட்டு அழுகிறேன். இது நிஜமாகவே நடந்தது.

"அம்மா, ஜஸ்ட் டெல் ஹிம்."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடி சொல்றது?"

"தென் ரைட் இட். யூ ரைட் எவ்ரிதிங் எல்ஸ் எனிவே."

6

என் கதைகளின் முதல் வாசகர் இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆள்தான். பென்சிலோடு உட்காருவார். பொய்யாகத் தோன்றும் வரியின் கீழே கோடு போடுவார். மாமியாரைக் கதையிலிருந்து அடித்ததும், அந்த 'வெறும் நிறமல்ல'வைப் பாதியில் விட்டதும் அந்தப் பென்சிலுக்குப் பயந்துதான்.

என்னங்க, வாசகரே என்று கூப்பிட்டது உங்களைத்தான். கடிதம் உறைக்குள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. இந்தக் கதை அதன் பக்கத்தில், பென்சிலோடு. நீங்கள் அன்றைக்குப் போனில் அழுததைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. அதனால்தான் கை போனது. வேறு விதமாக எழுதிப் பார்த்தேன், எல்லாம் பொய்யாகத்தான் வந்தது. என்னை மன்னித்துவிடுங்கள்.

முகம் வரைக்கும் நான் முடித்துவிட்டேன். ஏழாவது பகுதிக்கு எண் மட்டும் போட்டு இடம் விட்டிருக்கிறேன், அது நீங்கள் எழுதவேண்டியது. கோபமாக எழுதினாலும் சரி. நான் அடுப்படியில்தான் இருப்பேன். கை கழுவிவிட்டு வந்து உட்காருங்கள்.

7