பச்சை விழுந்த பிறகும் நின்ற கார்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அதை எனக்கே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. நான் சொல்வது ஒரு படிவத்தில், நீல மையில், ஒரே ஒரு சொல்லாக எழுதிய பொய். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் எட்டு மாதமாக முதல் வரியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கிழித்துப்போட்ட தொடக்கங்களில் சில:

"சிவப்பு நிறக் கார் புலியைப் போல உறுமியபடி—" (கார் சிவப்பு இல்லை. பழைய ஃப்ரிட்ஜின் பழுப்பேறிய வெள்ளை. அது உறுமவும் இல்லை, இருமியது.)

"வேகம் என்பது மனிதனின் ஆதி—" (இதை முடித்திருந்தால் அக்காவே தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாள்.)

"என் அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தாறு வருடம் ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். ஒரு நாள்கூட வேகமாக ஓட்டியதில்லை." சரி, இது இருக்கட்டும்.

2

பயிற்சிப் பள்ளிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஆக்சிலரேட்டர் இருக்காது. அக்காவின் வலது கால் இருபத்தாறு வருடம் அந்த ஒற்றை மிதியின் மேலேயே குடியிருந்தது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, திரையில் யாராவது ஓடினால் அவள் பாதம் தரையை அழுத்தும்.

"கண்ணாடி பாரு, சிக்னல் போடு, தோளுக்கு மேல திரும்பிப் பாரு, அப்புறம் நகரு." இந்த ஒரு வாக்கியத்தை அவள் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாளோ தெரியாது. தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காத ஒருவனையும் அவள் தேர்வுக்கு அனுப்பியதில்லை. அழுதாலும் அனுப்பமாட்டாள்.

போன வருடம் அவள் பார்வை பக்கவாட்டிலிருந்து சுருங்கத் தொடங்கியது. கண் டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். ஓரங்களெல்லாம் கறுப்பு, நடுவில் மட்டும் ஒரு வெளிச்ச வட்டம். இன்னும் மூன்று மாதத்தில் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். அக்கா அன்றே வகுப்புகளை நிறுத்தினாள். சாலையில் ஓட்டுவதையும் நிறுத்தினாள். வீடு வரை நான்தான் ஓட்டினேன்.

"டேய், நேரா இருக்கிறது நல்லா தெரியுது," என்றாள் வழியில். "ஒரே ஒரு தடவை காலைத் தரையோட அமுக்கிப் பாக்கணும்டா. என் ஜென்மத்துல அமுக்கினதே இல்ல."

3

இனி பல் டாக்டர். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். கதைக்குத் தேவைப்பட்ட நேரத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் காரோடு வந்து நிற்கிறார். ஆனால் என்ன செய்ய, நிஜமாகவே வந்தார். அக்காவின் பழைய மாணவர், ஐந்தாவது தேர்வில்தான் தேறியவர். நாற்பத்தைந்து வருடப் பழைய, இரண்டே பேர் உட்காரக்கூடிய காரை வாங்கித் துடைத்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் டிராக் ரேஸுக்குப் போகிறவர்.

(டிராக் ரேஸ் தெரியாதவர்களுக்கு: கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். விளக்குக் கம்பத்தில் பச்சை விழுந்ததும் கால் மைல் தூரம் நேராக ஓடும். வளைவு கிடையாது, அவ்வளவுதான்.)

அக்காவின் ஆசையைக் கேட்டதும் சாவியை நீட்டினார். "எடுத்துக்கோங்க மேடம். பள்ளத்துல எறக்காம இருந்தா போதும்."

அவரிடம் கண்ணைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை. (நாங்கள் இல்லை. அக்கா சொல்ல வாயெடுத்தாள், நான் பேச்சை மாற்றினேன்.)

4

ரேஸில் ஓட்டுவதற்கான படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினோம். எழுத்து பொடி. நான் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படிக்க, அக்கா பதில் சொன்னாள். ரத்த வகை, மூச்சுத் திணறல், இதயம். எட்டாவது கேள்வி கண் பார்வை. அதை நான் படிக்கவில்லை. ஒன்பதாவதுக்குத் தாவினேன்.

"கண்ணைப் பத்திக் கேக்கலையா?"

"கேக்கலக்கா."

"கேக்காம எப்படி விடுவாங்க?"

"நேரா போறதுதானே, விட்டிருப்பாங்க."

அக்கா தலையாட்டிக்கொண்டாள். அவள் தண்ணீர் எடுக்க எழுந்த நேரத்தில் எட்டாவது கட்டத்தில் 'இயல்பு' என்று எழுதினேன். முப்பது வருடமாகக் கதை எழுதுகிறேன். ஒரு சொல்லை இவ்வளவு அவசரமாக எழுதியதில்லை. அவள் ஆசைக்காகத்தான் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த அந்தப் பயணத்தை என்னால் இன்னொரு தடவை தாங்க முடியாது என்பதும் உண்மை.

5

ஞாயிறு காலை. வெயில் இன்னும் ஏறவில்லை. ஓடுபாதையின் ஓரத்தில் ஒரு மடக்கு மேசை, அதன் பின்னால் பரிசோதகர். மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசியிருந்த பெரிய மனிதர். படிவத்தைச் சத்தமாகப் படித்தார்.

"இதயம் சரி. மூச்சு சரி. கண் பார்வை இயல்பு, சரி. வாழ்த்துகள்மா, போங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். முழுத் தலையையும் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.

அவள் அங்கேயே பரிசோதகரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன். இருபத்தாறு வருட ஆசை பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. தவிர, சொன்னால் தம்பி பொய்யன் என்று சொல்ல வேண்டும்.

6

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவில் அக்கா ஜெயிக்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். படிக்கும்போதே கூசியது.

இரண்டாவதில், பக்கத்துத் தடத்துக் கார் சற்றே விலகி வருகிறது. அது அவள் கண்ணில் படாத பக்கம், அதனால் அக்கா— (இதை நான்கு பக்கம் எழுதினேன். எனக்கு நான் தர வேண்டிய தண்டனையை அவள் உடம்பின் மேல் இறக்கிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்ததும் கிழித்தேன்.)

மூன்றாவதில் அவள் காரை விட்டு இறங்கிவிடுகிறாள். நியாயமான முடிவு. ஆனால் அதை எழுதியபோது அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது.

7

நடந்தது இது.

மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை. பக்கத்துக் கார் பாய்ந்தது. அக்கா நகரவில்லை.

கண்ணாடி பார்த்தாள். சிக்னல் போட்டாள். நேர்கோட்டில் போகப்போகிற காரில் வலப்பக்க மஞ்சள் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. வேலியோரம் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மெதுவாகத் தோளுக்கு மேல் திரும்பி, பக்கத்துத் தடத்தை முழுசாகப் பார்த்தாள். விளக்குக் கம்பத்தருகே நின்றவர் "போங்கம்மா, போங்க!" என்று கத்தினார். அவள் ஒரு கையை உயர்த்தி, இரு என்று காட்டினாள்.

"பயந்துட்டாங்க," என்றார் பல் டாக்டர், என் அருகில்.

பயமில்லை. அந்த இன்னொரு கார் எல்லையைத் தாண்டி, வேகம் குறைந்து, ஓரமாகத் திரும்பி வெளியேறும்வரை அவள் காத்திருந்தாள். அவள் பார்க்க முடியாத இடத்தில் ஒரு மனிதனும் இல்லை என்று ஆன பிறகுதான் கிளம்பினாள்.

பிறகு காலைத் தரையோடு அமுக்கினாள். எஞ்சினின் இருமல் நின்று ஒரே குரலாக எழும்பியது. மூன்றாவது கியரைக் கொஞ்சம் தேடினாள், கிடைத்தது. பழுப்பேறிய அந்தக் கார் ஓடுபாதையின் கடைசியில் சின்னப் பொட்டாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

நேரக் கடிகாரம் பச்சை விழுந்ததும் ஓடத் தொடங்காதாம், கார் நகரும்போதுதான் தொடங்குமாம். பல் டாக்டர் சொன்னார். காத்திருந்த நேரம் கணக்கில் வரவில்லை. அவளுக்குப் பத்தொன்பது புள்ளி நான்கு நொடி, அன்றைக்குக் கடைசிக்கு முந்தைய இடம்.

8

திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை.

"பிரேக் பக்கம் கால் போகவே இல்லடா," என்றாள்.

பரிசோதகர் சிரித்துக்கொண்டே வந்தார். முதல் தடவை வருகிறவர்களுக்குப் பிற்பகல் இன்னொரு ஓட்டம் உண்டாம். புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். நான் வாங்கப் போனேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவை ஓட்ட ஆசையாத்தான் இருக்கு," என்றாள் என்னிடம். "கண்ணைப் பத்தின கேள்வி எதுன்னு மட்டும் விரலை வை. மத்ததை நான் பாத்துக்கறேன்."

விரலை வைத்தேன். காரின் பானெட் மேல் தாளை வைத்து அவளே எழுதினாள். நான் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாக மடித்து என் கையில் தந்தாள். "பிரிக்காம கொண்டுபோய்க் குடு."

அவள் என்ன எழுதியிருப்பாள் என்று நான் இங்கே எழுதினால், அந்தக் கேள்விக்கு இரண்டாவது தடவையும் நானே பதில் எழுதியதாகிவிடும். அதனால் மடித்தபடியே உங்களிடம் தருகிறேன். நீங்கள் பிரித்துப் படித்து, அவளை உள்ளே விடலாமா கூடாதா என்று சொல்லுங்கள். அக்கா காரில் உட்கார்ந்திருக்கிறாள். ஹெல்மெட் அவள் மடியில் இருக்கிறது.